நோயற்ற கணினி உள்ள வீடு

சான்டா ரொமேலியா என்ற ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமைப்படக் காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. அவன் மாடித் தண்ணீர்த் தொட்டி நம்முடையதைவிடப் பெரிதாக இருக்கும். மயாமியில் இருக்கும் மகன் அவனுக்கு மட்டும் புதுச் செருப்பு அனுப்புவான். மின்வெட்டு கூட அவன் வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டு நம் வீட்டில் ஆரம்பிக்கும். ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த எவெலியோ பன்டோஹா இதற்கெல்லாம் அசைந்து கொடுத்தவர் அல்ல. ஆனால் பக்கத்து வீட்டு ரெமிஹியோவின் கதவில் அந்தத் தகரத் தகடு அறையப்பட்ட நாளிலிருந்து மனிதருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

உள்ளங்கை அகலத் தகடு. அதில் நீல எழுத்தில் ‘நோயற்ற கணினி உள்ள வீடு’ என்று போட்டு, கீழே சின்னதாக ‘நகராட்சிக் கணினிச் சுகாதார வாரியம்’ என்று முத்திரை குத்தியிருந்தது. ரெமிஹியோ நகராட்சி பாண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து தனியாக இருந்தார். மீசைக்கு மை, சட்டைக்கு இஸ்திரி, கன்னத்துக்கு வாசனைத் தண்ணீர் என்று எதிலும் குறை வைக்காதவர். தினமும் காலையில் டிராம்போன் துடைக்கும் துணியாலேயே அந்தத் தகட்டையும் துடைப்பார். துடைத்துவிட்டு, எவெலியோ வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, “நல்லா இருக்கீங்களா பக்கத்து வீட்டுக்காரரே?” என்று கேட்பார். நல்லா இருப்பவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள் என்று எவெலியோவுக்குத் தோன்றும்.

தகடு மட்டும் என்றால் ஜீரணித்திருப்பார். அதே வாரம் அவர் வீட்டுக் கணினி படுத்துவிட்டது.

இணையம் எட்டாத அந்த ஊரில் உலகம் முழுவதும் துல்விஸ் என்ற பெண்ணின் தோள்பையில்தான் வரும். திங்கள்கிழமைதோறும் அவள் சைக்கிளில் வந்து, வாரப் பொட்டலம் என்று பெயர் வைத்த ஒரு வன்தட்டைக் கணினியில் சொருகி, அந்த வாரத்துத் தொடர்கள், படங்கள், பந்தாட்டங்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுப்பாள். மாகாணத்தில் உள்ள அத்தனை கணினிகளையும் தொட்டுவிட்டு வருகிற பொட்டலம் என்பதால், அத்தனை கணினிகளின் நோயும் அதிலேயே இலவசமாக வந்து சேரும். இதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. தொடர் வந்தால் போதும்.

எவெலியோவின் மனைவி மாரிசெல் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் இல்லாத மருந்தை இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் வருகிறவளுக்கு, ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுப் பார்க்கும் கொலம்பியத் தொடர் ஒன்றுதான் மருந்து. அன்றைக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தவள் கூப்பிட்டாள்.

“கிழவா, இங்க வந்து பாரு. ஃபோல்டர் எல்லாம் சின்னச் சின்ன அம்புக்குறியா மாறிடுச்சு. எதைத் தொட்டாலும் திறக்கல.”

“அணைச்சுட்டுப் போடு.”

“போட்டாச்சு. இப்ப மவுஸ் தானா ஓடுது.”

“கொஞ்சம் விடு, ஓடிக் களைச்சு நின்னுடும்.”

அது நிற்கவில்லை. எட்டு மணிக்கு மாரிசெல் எழுந்து தன் ஆடும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள். “நான் ரெமிஹியோ வீட்டுல பார்த்துட்டு வரேன். அங்க சுத்தமா இருக்கு.”

சுத்தமா இருக்கு என்ற சொல்லை அவள் எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னாள். எவெலியோ அதை அந்த ராத்திரி முழுக்க மென்றுகொண்டிருந்தார். முதல் நாள் நாற்காலியைத் திருப்பி எடுத்து வந்தாள். மறுநாளும் எடுத்து வந்தாள். அப்புறம் ஒருநாள் கையை வீசிக்கொண்டு வந்தாள்.

“நாற்காலி எங்க?”

“தினமும் யாரு தூக்கிட்டு அலையறது? அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

இதோடு போகவில்லை. ரெமிஹியோ அந்தத் தொடரின் தலைப்புப் பாட்டைச் சாயங்காலம் டிராம்போனில் ஊதிப் பழக ஆரம்பித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் மாரிசெல் பூண்டு நறுக்கியபடியே அதே பாட்டை முணுமுணுப்பாள். ஊதலும் முணுமுணுப்பும் ஒரே தாளத்தில் போவதைக் கேட்டுக்கொண்டு எவெலியோ நடுவில் உட்கார்ந்திருப்பார். கணினியைச் சரி செய்தால் மனைவி எட்டு மணிக்கு வீட்டில் இருப்பாள். இதைத் தவிர உலகத்தில் அவருக்கு வேறு கோரிக்கை இல்லை.

முதலில் துல்விஸிடம் கேட்டார். அவளுக்கு எல்லா நோய்க்கும் பையிலேயே பதில் இருந்தது.

“ஆன்ட்டிவைரஸ் போடுங்க எவெலியோ. ‘கழுகு’ இருக்கு, ‘கோட்டை’ இருக்கு. ரெண்டும் இலவசம்.”

“எது நல்லது?”

“இலவசத்துல நல்லது கெட்டது என்ன இருக்கு? ரெண்டையும் போடுங்க. ஒண்ணு அசந்தா இன்னொண்ணு பாத்துக்கும்.”

இரண்டையும் போட்டார். கழுகு முதல் வேலையாகக் கோட்டையைப் பார்த்து, இது ஆபத்தான வைரஸ் என்று அலறியது. கோட்டை உடனே கழுகைப் பிடித்துச் சிறையில் போட்டது. கழுகு சிறைக்குள்ளிருந்தபடியே கோட்டையின் பாதி கோப்புகளை அழித்தது. ஒரே சமையலறையில் விடப்பட்ட இரண்டு சம்பந்திகளைப் போல இரண்டும் மல்லுக்கு நிற்க, உண்மையான வைரஸ் யார் தொந்தரவும் இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கணினியைப் போட்டுவிட்டுக் குளித்து, உடுத்தி, காபி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் மணல்கடிகாரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் வாரியத்துக்கே போவது என்று முடிவு செய்தார். வாரியத்தின் வாசலில் ‘அனைவருக்கும் இலவச ஆன்ட்டிவைரஸ்’ என்று பெரிய பலகை இருந்தது. பலகைக்குக் கீழே வாதுமை மரம், மரத்தடியில் இருபது பேர் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றார்கள். அந்த ஊரில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. எவெலியோ வழக்கம்போல, “கடைசி யாரு?” என்று சத்தமாகக் கேட்டார். தலைமுடியில் சுருட்டை உருளைகள் மாட்டியிருந்த ஒரு அம்மாள் விரலைத் தூக்கினாள். அடுத்தவர் வந்து கேட்கும்வரை எவெலியோ கடைசி ஆனார். இனி எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம், இடம் பத்திரமாக இருக்கும்.

ஜன்னலுக்குப் பின்னால் நெரெய்டா என்ற பெண் வாய்க்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழைக்காய் வறுவல் தின்னும்போது மட்டும் அதை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வாள்.

“கணினி நோயாளியா, நலமா?”

“நோயாளி. அதனாலதானே வந்தேன்.”

நெரெய்டா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். “அப்ப நீங்க இங்க வரவே கூடாது தோழர். நோயாளிக் கணினி வச்சிருக்கவங்க மத்தவங்களோட கலந்து நிக்கக்கூடாது. ஒட்டிக்கும்.”

“கணினி வீட்டுல இருக்கும்மா. நான் மட்டும்தான் வந்திருக்கேன்.”

“எந்தக் கையால தட்டச்சு பண்றீங்க?”

“ரெண்டு கையாலயும்.”

“பாத்தீங்களா?” என்றாள், வெற்றி பெற்றவள் போல. “ரெண்டையும் மேஜை மேலருந்து எடுங்க.”

எவெலியோ எடுத்தார். “இலவசமா ஆன்ட்டிவைரஸ் தர்றதா வெளியில போட்டிருக்கே.”

“தர்றோமே. கணினியில நோய் இல்லைன்னு சான்றிதழ் கொண்டாங்க, கையோட வாங்கிட்டுப் போங்க.”

“நோய் இல்லைன்னா மருந்து எதுக்கு?”

“அதைத்தான் நாங்களும் கேக்கறோம். நோய் இல்லாதவங்க யாரும் வந்து வாங்கவே மாட்டேங்கறாங்க. அலமாரி நிறைய அப்படியே கிடக்கு. இந்த ஜனங்களுக்கு அக்கறையே இல்ல.”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இயக்குநர் அதல்பெர்தோ வந்தார். வெள்ளைக் கோட்டு, சட்டைப்பையில் நான்கு பேனா. மக்களோடு பேசுவதில் அவருக்குத் தனி ஆசை உண்டு. கேள்வி ஒன்று கேட்டால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு மேடை ஏறிவிடுவார்.

“தோழரே, உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா எங்க சாதனையை நீங்க மனசுல வச்சுக்கணும். போன வருஷம் இந்த நகராட்சியில நோயுள்ள கணினின்னு ஒண்ணுகூடப் பதிவாகல. ஒண்ணுகூட! பக்கத்து நகராட்சியில நூத்துக்கணக்குல பதிவாச்சு. ஏன்? அவங்க பதிவு பண்ணாங்க. நாங்க அந்தத் தப்பைச் செய்யல. நோயைக் கண்டுபிடிக்கற கருவி ரெண்டு வந்துச்சு, அதுக மேல உறையைப் போட்டுப் பத்திரமா மேல வச்சிருக்கோம். கண்டுபிடிக்காம இருக்கறதுதான் தோழரே, தடுப்பு முறையிலயே உயர்ந்த கட்டம்.”

மரத்தடியில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

“ரெமிஹியோவுக்கு மட்டும் எப்படித் தகடு குடுத்தீங்க?” என்று எவெலியோ கேட்டுவிட்டார். அதுதான் அவர் கேட்க வந்த கேள்வி என்பது கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

இயக்குநரின் முகம் கனிந்தது. “தோழர் ரெமிஹியோ! அவர் கணினிக்கு நானே நேர்ல போனேன். பக்கத்துல நின்னு பார்த்தேன். சத்தம் இல்ல, சூடு இல்ல, மினுக்கல் இல்ல. என் வாழ்க்கையில அப்படி ஒரு அமைதியான கணினியப் பார்த்ததில்ல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

எவெலியோவுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. அவர் முகத்தைப் பார்த்து இரங்கிய இயக்குநர், விதியைத் தளர்த்தி, வியாழக்கிழமை நடக்கும் பென்டிரைவ் தடுப்பூசி முகாமுக்கு வரச் சொன்னார்.

முகாம் அன்று ஊரே பென்டிரைவைக் கழுத்தில் தாயத்து போல மாட்டிக்கொண்டு வந்திருந்தது. கூடத்தின் நடுவில், மேஜை விரிப்பின் மேல், தாய்க்கணினி என்று அவர்கள் அழைத்த ஒரு பெரிய பெட்டி. நெரெய்டா ஒவ்வொரு பென்டிரைவையும் வாங்கி, ஸ்பிரிட்டு நனைத்த பஞ்சால் பக்தியோடு துடைத்து, தாய்க்கணினியின் ஒரே ஓட்டையில் சொருகி, எடுத்து, மறுபடி துடைத்துக் கொடுத்தாள்.

“எல்லாருதையும் ஒரே ஓட்டையிலயா சொருகறீங்க?” என்று எவெலியோ கேட்டார்.

“நடுவுல துடைக்கறோமே, பாக்கல?”

“உள்ள இருக்கறத வெளிய துடைச்சா எப்படிப் போகும்?”

“தோழர், ஸ்பிரிட்டு நல்ல ஸ்பிரிட்டு. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலேருந்து எடுத்தது.”

அடுத்து தேர்வு செய்யும் கட்டம். நெரெய்டா மூன்று உறைகளை விரித்து வைத்தாள். மூன்றும் இலவசம், எதை எடுப்பது என்பது குடிமக்களின் உரிமை என்றாள்.

“மூணுக்கும் என்ன வித்தியாசம்?”

“முதல்ல இருக்கறது ஆங்கிலத்துல பேசும். ரெண்டாவது ரஷ்ய மொழி. மூணாவது நம்ம வாரியமே செஞ்சது.”

“நம்மளோடது என்ன செய்யும்?”

“உங்க கணினி நலம்னு சொல்லும்.”

“வைரஸைக் கண்டுபிடிக்குமா?”

நெரெய்டா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். “கண்டுபிடிச்சுட்டா அப்புறம் நலம்னு எப்படிச் சொல்ல முடியும்?”

எவெலியோ முட்டாள் அல்ல. முதல் உறையை எடுக்கத்தான் கை போனது. அகராதி வைத்துப் படித்துக்கொள்ளலாம், வேலை செய்கிற பொருளாக இருக்கும் என்று அவருக்கே பட்டது. ஆனால் போன கை நடுவழியில் நின்றது.

“ரெமிஹியோ எதை எடுத்தாரு?”

“மூணாவது.”

அவர் மூன்றாவதை எடுத்தார்.

வீட்டில் அதைப் போட்டதும் திரை முழுக்கப் பச்சை இலை ஒன்று விரிந்து, அணிவகுப்பு இசையோடு ‘நீங்கள் நலம்!’ என்றது. அந்த இலையை மூட முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை. இலைக்குப் பின்னால், தாய்க்கணினியிடமிருந்து பென்டிரைவ் வழியாக வந்த புதிய வைரஸ்கள் பழையவற்றோடு அறிமுகம் செய்துகொண்டன. எழுத்துகள் தலைகீழாக நின்றன. அச்சுப்பொறி கேட்காமலே வெற்றுத்தாளாகத் துப்பியது. கேள்விக்குறி போட்ட சிறு பெட்டிகள் வரிசையாகத் திறந்து, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே டாலர் கட்டுங்கள் என்று மிரட்டின. எல்லாவற்றுக்கும் மேலே பச்சை இலை நலம் நலம் என்று பாடிக்கொண்டிருந்தது. எவெலியோ வாசலுக்கு வந்து வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டியது தெரு முழுக்கக் கேட்டது. மாலைக்குள் வாரியத்தின் படை வந்து இறங்கியது.

இயக்குநரும் மூன்று வெள்ளைக் கோட்டுகளும். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் கணினியின் விலாவில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இயக்குநர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இது உங்க வீட்டுல இருக்கக்கூடாது தோழர். தனிமைப்படுத்தணும்.”

“எங்க?”

“விதிப்படி, பக்கத்துல தகடு உள்ள எந்த வீடு இருக்கோ அங்க. நோயற்ற சூழல்ல வச்சாத்தான் தேறும்.”

எவெலியோ சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டிராம்போன் தலைப்புப் பாட்டில் இருந்தது.

பெட்டியை எவெலியோவே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது, வெள்ளைக் கோட்டுக்காரர்கள் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். மாரிசெல் விசைப்பலகையையும் மவுஸையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். தெருவில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரெமிஹியோ கதவைத் திறந்து இரு கைகளையும் விரித்தார்.

“வாங்க, வாங்க பக்கத்து வீட்டுக்காரரே! என் வீடு உங்க வீடு மாதிரி.”

“தெரியும். என் வீட்டுல இருந்ததெல்லாம் இங்கதானே இருக்கு,” என்றார் எவெலியோ. பெட்டியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். உள்ளே வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, எனக்கு வயிறு சரியில்லை என்றார். அது பொய்யும் அல்ல.

அதற்குப் பிறகு வந்த ராத்திரிகள் அவருக்குப் பெரும் பாடு. மேஜையில் கணினி இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது. கறுப்பு பீன்ஸும் சோறும் தனியாகத் தின்றார். எட்டு மணிக்குச் சுவர் வழியாக மாரிசெல் சிரிப்பது கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை அவர் கடைசியாகக் கேட்டது கல்யாணத்துக்கு முன்பு, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“அங்க அப்படி என்னதான் இருக்கு?”

“தொடர் இருக்கு.”

“அவன்?”

“அவரும் இருக்காரு. அது அவர் வீடாச்சே.”

“அந்த மீசைக்கு மை யாரு வாங்கித் தர்றா அவனுக்கு?”

“நான்தான். மருந்துக்கடையில வேற யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு மாரிசெல் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சிகிச்சை முடிந்து கணினி திரும்பி வந்த அன்று வாரியம் விழா எடுத்தது. டாமினோ மேஜையை ஒதுக்கிவிட்டு ஒலிபெருக்கி வைத்தார்கள். எவெலியோ பொத்தானை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

“இது உயிரோட இல்லையே,” என்றார்.

“ஷ்ஷ், பேச்சு ஆரம்பிக்கப் போகுது,” என்றாள் நெரெய்டா.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். “தோழர்களே! நோய் எங்க ஒளிஞ்சிருக்குன்னு உலகத்துல பெரிய பெரிய விஞ்ஞானிகள் தேடிட்டு இருக்காங்க. நாங்க கண்டுபிடிச்சுட்டோம். அது மின்சாரத்துல ஒளிஞ்சிருக்கு. ஓடற கணினிக்குத்தான் நோய் வருது. ஓடாத கணினிக்கு வந்ததா ஒரு உதாரணம் காட்டுங்க பாப்போம்! இந்தக் கணினியோட உள்ளே இருந்த நோயுள்ள உறுப்பு எல்லாத்தையும் எங்க தோழர்கள் எடுத்துட்டாங்க. இப்ப இதுக்கு நோயும் இல்ல, நோய் வர்றதுக்கு வாய்ப்பும் இல்ல. இந்த வேகத்துல போனா, அடுத்த வருஷத்துக்குள்ள இந்த நகராட்சியில இருக்கற அத்தனை கணினியையும் இதே நலத்துக்குக் கொண்டு வந்துடுவோம்னு உறுதி சொல்றேன்!”

எவெலியோ எழுந்து கேட்டிருக்க வேண்டும். என் கணினியைக் கொன்றுவிட்டு எனக்கே விழாவா என்று கேட்க வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் ஒருவர் கதவில் தகட்டை அறைய ஆரம்பித்துவிட்டார். புதுத் தகடு. ரெமிஹியோவுடையதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். எழுத்தும் பொன்னிறம். ரெமிஹியோ தன் வாசலில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பார்வை ஒருமுறை தன் தகட்டுக்கும் ஒருமுறை இந்தத் தகட்டுக்கும் போய் வந்தது. எவெலியோ வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு இனிமையான சாயங்காலம் அவர் வாழ்க்கையில் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

எட்டு மணி வரைதான். எட்டு மணிக்கு மாரிசெல் தகட்டைத் தாண்டி ரெமிஹியோ வீட்டுக்குப் போனாள்.

மறுநாளே அவர் வாரியத்துக்குப் போய் கௌரவ ஆய்வாளராகச் சேர்ந்துவிட்டார். தகடு வாங்கியவர்கள் சேரலாம், சம்பளம் கிடையாது, கோட்டு உண்டு. கோட்டின் கை முழங்கையோடு நின்றது. எந்தப் பகுதி வேண்டும் என்று இயக்குநர் கேட்டதற்கு, “எங்க தெரு போதும். அதுலயும் எங்க பக்கத்து வீடு போதும்,” என்றார். இவ்வளவு எளிமையான ஆசை உள்ள தோழரைப் பார்த்ததில்லை என்று இயக்குநர் அவரைக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எவெலியோ கோட்டை மாட்டிக்கொண்டு ரெமிஹியோ வீட்டுக் கதவைத் தட்டினார். முதல்முறையாக உள்ளே நுழைந்தார். இரண்டு ஆடும் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் மாரிசெல், மடியில் வேர்க்கடலை.

“என்ன கிழவா இது வேஷம்?”

“அலுவல் விஷயமா வந்திருக்கேன்,” என்றார் எவெலியோ, அவளைப் பார்க்காமல். “கணினி எங்க?”

ரெமிஹியோ மூலையைக் காட்டினார். பூ வேலை செய்த வெள்ளைத் துணியால் மூடி, மேலே ஒரு பூச்சாடி. எவெலியோ துணியை விலக்கிப் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அவருக்குப் பழக்கமான அதே மௌனம்.

“அது என் மனைவி இருந்தப்பவே எரிஞ்சு போச்சு,” என்றார் ரெமிஹியோ. “இந்தத் துணி அவ பின்னினது. எடுத்தா மறுபடி வைக்க எனக்கு வராது, அப்படியே விட்டுட்டேன். இயக்குநர் வந்து பார்த்துட்டு அழுதாரு. நான் என்ன சொல்றது? தகடு குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்.”

“அப்ப தொடர்?”

“டீவியில பென்டிரைவ் சொருகற ஓட்டை இருக்கே. துல்விஸ் குடுத்துட்டுப் போவா.”

இத்தனை நாள் எந்தக் கணினியை நினைத்து வெந்தாரோ அது செத்துப்போன கணினி. வேறொரு மனிதனாக இருந்தால் அங்கேயே சிரித்திருப்பான். எவெலியோ அந்த இரண்டு நாற்காலிகளைப் பார்த்தார். அவற்றின் கால்கள் தரையில் அருகருகே தேய்த்திருந்த நான்கு தடங்களைப் பார்த்தார். அடுத்த நொடி டீவியிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கிக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார்.

“நோய் பரப்பும் சாதனம். பறிமுதல்.”

“எவெலியோ,” என்றாள் மாரிசெல். அவள் அவரைக் கிழவா என்று கூப்பிடவில்லை. “இன்னிக்குக் கடைசி எபிசோட்.”

“வாரியம் திங்கள்கிழமைதான் திறக்கும். அதுவரைக்கும் இது என் பொறுப்புல இருக்கும். வா, வீட்டுக்குப் போலாம்.”

ரெமிஹியோ ஏதோ சொல்ல வந்து, வெள்ளைக் கோட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாரிசெல் வேர்க்கடலையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

எட்டு மணி. மாரிசெல் வீட்டில் இருந்தாள். கணினி மேஜையில் இருந்தது, கதவில் தகடு இருந்தது, பக்கத்தில் எவெலியோ இருந்தார். அவர் வேண்டிக்கொண்டது எல்லாமே அந்த அறையில் வந்து சேர்ந்திருந்தது. மாரிசெல் செத்த திரையின் முன் சாப்பாட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“போடு,” என்றாள்.

அவர் ஒப்புக்குப் பொத்தானை அழுத்தினார்.

“கடைசியில சேர்ந்துடுவாங்க மாரிசெல். எல்லாத் தொடர்லயும் அப்படித்தானே?”

“யாரு சேருவாங்க?”

“அந்தப் பொண்ணும்... அந்தப் பையனும்.”

“அந்தப் பொண்ணு பேரு என்ன?”

எவெலியோ கோட்டின் பொத்தானைத் திருகினார்.

“எத்தனையோ நாள் தொடரப் பாத்து அழுதுட்டு வந்து உன் பக்கத்துல படுத்தேன்,” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “ஏன் அழுதேன்னு ஒருநாள் கேட்டியா? மீசைக்கு மை யாரு வாங்கினான்னு கேட்ட.”

“அவன் கேட்டானா?” பொறாமை அவர் கையை மீறிப் பேசிவிட்டது.

“அவரு எதுக்குக் கேக்கணும்? பக்கத்துல உக்காந்து அவரும்தான் அழுதாரு.”

எவெலியோ கோட்டுப்பையில் கைவிட்டுப் பென்டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்தார். மாரிசெல் அதை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும், டீவி உயிர் பெறும் சத்தமும், அந்தப் பாழாய்ப்போன பாட்டும் கேட்டன.

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சமையலறையிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டார். ரெமிஹியோ வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. இருட்டில் இரண்டு நாற்காலிகளும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் இடம் இல்லை. ஓரமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு பெண் மழையில் நனைந்தபடி யாருக்கோ காத்திருந்தாள்.

அவர் மனைவியின் பக்கம் சாய்ந்து, முடிந்தவரை மெதுவாகக் கேட்டார். “இந்தப் பொண்ணு பேரு என்ன?”

மாரிசெலும் ரெமிஹியோவும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரே நேரத்தில், “உஷ்!” என்றார்கள்.